பட்டன் பேட்டரி: தொண்டைக்குள் ஒரு மின்சுற்று

தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் கடைகளில் இப்போது ஒரு பிளாஸ்டிக் அகல் விற்கிறது. தண்ணீர் ஊற்றினால் எரியும், கொட்டிவிட்டால் அணைந்துவிடும். அதற்குள் இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்றதும் மின்சாரம் ஓட வழி கிடைக்கிறது, விளக்கு எரிகிறது. அந்த அகலின் அடியில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால், நெஞ்சுக்குள் நடப்பதும் இதுவேதான். அங்கே தண்ணீரின் வேலையை எச்சிலும் ஈரச் சதையும் செய்கின்றன.

பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனம் கசிந்தால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். உடையாமல் முழுசாக இருந்தால் பயமில்லை, காலையில் மலத்தோடு போய்விடும் என்று ஆறுதலும் சொல்கிறார்கள். உண்மையில் துளிகூடக் கசியாத புதுப் பேட்டரிதான் மிகக் கடுமையான காயத்தை உண்டாக்குகிறது. லித்தியம் பட்டன் பேட்டரியின் மின்னழுத்தம் 3 வோல்ட். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். உணவுக்குழாயின் ஈரச் சுவரில் பேட்டரி ஒட்டியதும் அதன் எதிர்முனையில் தண்ணீர் பிரிந்து ஹைட்ராக்சைடு என்ற காரம் உருவாகிறது. காஸ்டிக் சோடாவின் எரிக்கும் குணத்துக்குக் காரணமும் இதுவே. பேட்டரியைத் தொட்டிருக்கும் இடத்தில் பிஎச் அளவு 12, 13 என்று ஏறிவிடும்.

அமிலம் பட்டால் சதை உறைந்து கெட்டியாகி, அதுவே ஓரளவு தடுப்பாக நிற்கும். காரத்துக்கு அந்தத் தடை கிடையாது. சதையிலுள்ள கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, கூழாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். விலங்குகளில் செய்த சோதனைகளில் 15 நிமிடத்திலேயே காயம் தொடங்கியது. குழந்தைகளிடம் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோயிருக்கிறது.

‘செத்த பேட்டரிதானே’ என்று ரிமோட்டிலிருந்து கழற்றி டிவி மேசை மேல் போட்டுவைக்கும் பழக்கம் அதனால்தான் என்னை அச்சப்படுத்துகிறது. ரிமோட்டை இயக்கத் தெம்பில்லாத லித்தியம் பேட்டரியில் தண்ணீரைப் பிரிக்கும் அளவுக்குப் பெரும்பாலும் மின்னழுத்தம் மிச்சம் இருக்கும்.

பேட்டரியின் முதுகில் சிஆர்2032 என்று அச்சிட்டிருந்தால் அதன் அகலம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். உயிர் பறித்த சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த 20 மில்லிமீட்டர் வகையால் நேர்ந்தவை. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கி நிற்பதற்குச் சரியான அளவு அது. அதைவிடச் சிறிய வாட்ச் பேட்டரிகள் பெரும்பாலும் வயிற்றுக்குள் இறங்கிவிடும். ஆனால் அவற்றை மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டால் மூக்கின் நடுச்சுவரும் செவிப்பறையும் ஓட்டையாகலாம். என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொட்டு மருந்து ஊற்றக் கூடாது. ஈரம் சுற்றை இன்னும் நன்றாக முடித்துவைக்கும்.

உணவுக்குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாய் இருக்கிறது. பக்கத்திலேயே, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி. அரிப்பு அந்தத் தமனியைத் தொட்டுவிட்டால் குழந்தையைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

இவ்வளவும் நடக்கும்போது குழந்தை பெரும்பாலும் மூச்சுத் திணறுவதில்லை. விழுங்கியதை யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஜொள்ளு கூடுதலாக ஒழுகும், சோறு வேண்டாம் என்று தலையைத் திருப்பும், இருமும், காய்ச்சலடிக்கும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். யாரையும் இதற்குக் குறை சொல்ல முடியாது. மருத்துவருக்கே முதல் பார்வையில் அப்படித்தான் தெரியும். எக்ஸ்-ரே எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். அதிலும் காசு என்று ஏமாற வாய்ப்புண்டு. உற்றுப் பார்த்தால் பேட்டரியின் ஓரத்தில் வளையத்துக்குள் வளையமாக இரண்டு கோடுகள் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு சின்னப் படி தெரியும். மூச்சுக்கும் விழுங்குவதற்கும் தொல்லை தராத காசு என்றால் சில மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். பேட்டரியை உடனே எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்தாக வேண்டும். ஆகவே, குழந்தை எதையோ விழுங்கிவிட்டது, எதுவென்று தெரியவில்லை என்றால், ‘பேட்டரியாக இருக்கலாம்’ என்ற வார்த்தையை மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

காசு விழுங்கிய பிள்ளைக்கு வாழைப்பழம் ஊட்டுவது நம் வீடுகளில் வழக்கம். பேட்டரிக்கு அது வேண்டாம். வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. ஒரே ஒரு விலக்கு தேன். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பன்றிக்குட்டிகளில் சோதித்தபோது, தேன் காரத்தின் வேகத்தைத் தணித்துக் காயத்தின் ஆழத்தைக் குறைத்தது தெரிந்தது. தேனில் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு; பிசுபிசுப்பாகப் பேட்டரியை மூடவும் செய்கிறது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது; பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும். தேன் தேடி நேரத்தை விடாதீர்கள். 108க்கு அழைத்துவிட்டு, வண்டியில் போகும்போதே கொடுக்கலாம்.

பேட்டரியை எடுத்த பிறகும் புண் சில நாட்கள் பரவிக்கொண்டே இருக்கும். மூன்று, நான்கு வாரம் கழித்துக்கூட ரத்தப்போக்கு நேர்ந்திருக்கிறது. வாந்தியில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தாலும், மலம் கறுத்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

டெக்சாஸில் 2020 டிசம்பரில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை, ரிமோட்டின் பேட்டரியை விழுங்கி இறந்துபோனாள். அவளுடைய தாய் விடாமல் போராடியதில் 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ‘ரீஸ் சட்டம்’ வந்தது. பட்டன் பேட்டரி போடும் பொருட்களைக் குழந்தையின் கை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அது. இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் சமையலறைத் தராசும், சர்க்கரை அளவு பார்க்கும் கருவியும், கார் சாவியும், அந்தத் தண்ணீர் அகலும் பொம்மைகள் அல்லவே. அவற்றின் மூடியை நீங்களே நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாமல் திறந்துகொண்டால் இறுக்கமாக டேப் சுற்றுங்கள், அல்லது பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தீர்ந்த பேட்டரியின் இரண்டு பக்கத்திலும் டேப் ஒட்டி, கழற்றிய அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் தாத்தா பாட்டி இருந்தால், அதன் பேட்டரிகளை மாத்திரை டப்பாவின் அருகில் வைக்க விடாதீர்கள். மாத்திரை என்று எண்ணிப் பெரியவர்களே விழுங்கியதுண்டு.