கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவோரிடம் இன்று பொதுவாகக் கேட்கும் குறை, சாலையில் வெளிச்சம் போதவில்லை என்பதன்று. எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் சாலையே மறைந்துபோகிறது என்பதுதான். இந்த வெளிச்சத்தில் ஒரு பகுதி புதிய கார்களிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, பழைய கார்களில் உரிமையாளர்கள் தாமாக மாற்றிப் பொருத்திக்கொண்ட செனான் விளக்குகளிலிருந்து வருகிறது.

பழைய கார் வைத்திருப்போரின் தேவை பொய்யானதன்று. என்னிடமும் அப்படியொரு கார் இருப்பதால் அதை நன்கறிவேன். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விளக்கின் முன்பக்கக் கூடு மஞ்சளாகி மங்கிவிடுகிறது. உள்ளிருக்கும் ரிஃப்ளெக்டர் பளபளப்பை இழக்கிறது. வயரும் ஸ்விட்ச்சும் பழையதாகி, பல்புக்குச் சென்று சேரும் மின்னழுத்தம் குறைகிறது. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஹாலஜன் பல்பின் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். 'செனான் போட்டுவிடுங்கள், பகல் மாதிரி இருக்கும்' என்று கடைக்காரர் சொல்லும்போது மறுக்கத் தோன்றாது.

அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பரவலாகப் பயன்படும் எச்4 வகை ஹாலஜன் பல்பு, டிம்மில் 55 வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 1,000 லூமன் ஒளி தருகிறது. செனான் விளக்கில் இழை கிடையாது. வாயு அடைத்த சிறு குமிழுக்குள் இரண்டு மின்முனைகளுக்கிடையே மின்வில் எரிகிறது. அதைத் தொடங்கிவைக்க ஏறத்தாழ 20,000 வோல்ட் தேவை. அதைத் தருவது பேலஸ்ட் எனப்படும் கருவி. எரியத் தொடங்கியபின் 35 வாட் மின்சாரத்தில் 3,000 லூமனுக்கும் மேல் ஒளி கிடைக்கிறது. 1991-இல் பிஎம்டபிள்யூ தன் 7 வரிசைக் காரில் இதை அறிமுகப்படுத்தியபோது, குறைந்த மின்சாரத்தில் மூன்று மடங்கு ஒளி என்பது பெரும் முன்னேற்றமாகவே இருந்தது.

கடைக்காரர் சொல்லாத பாதி, அந்த ஒளி எங்கே போகிறது என்பது. எச்4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டும் ஒளி விழச் செய்கிறது. அங்கே பட்ட ஒளி சாலையை நோக்கித் தாழ்ந்து வருகிறது. இழையின் இடம், நீளம், வடிவம் ஆகியவற்றை மில்லிமீட்டர் கணக்கில் கொண்டே அந்த ரிஃப்ளெக்டர் வடிவமைக்கப்பட்டது. அதே கூட்டில் செனான் குமிழைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடுகின்றன. மும்மடங்கு ஒளியில் ஒரு பங்கு மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது.

இதை அறிந்தவர்கள் புரொஜெக்டரை நாடுகிறார்கள். அதில் நீள்வட்ட வடிவ ரிஃப்ளெக்டர் ஒளியை ஓரிடத்தில் குவிக்கிறது. அங்கே நிற்கும் உலோகத் தகடு வேண்டாத ஒளியை மறைக்க, முன்னாலுள்ள குவிவில்லை மீதியைச் சாலையில் பரப்புகிறது. ஒளிக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல ஓர் எல்லைக்கோடு தெரியும். கொள்கையளவில் இது சரியான வழியே. ஆனால், பழைய காரில் பொருத்தும்போது இரண்டு இடங்களில் இது பிழைத்துவிடுகிறது.

ஒன்று, திசை. நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்கிறோம். எனவே, எல்லைக்கோடு இடப்பக்கம் சற்று உயர்ந்து ஓரத்தில் நடப்பவரைக் காட்ட வேண்டும். வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த புரொஜெக்டரை வாங்கிப் பொருத்தினால், உயர்ந்த பகுதி நேராக எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும்.

மற்றொன்று, சாய்வு. டிம் ஒளி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது தாழ்ந்து செல்ல வேண்டும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் காரின் முகம் நிமிர்கிறது. ஒரு பாகை நிமிர்ந்தாலே 75 மீட்டர் தொலைவில் ஒளி 130 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். தாழ்த்தி வைத்த 75 சென்டிமீட்டரைக் கழித்தாலும், விளக்கின் மட்டத்தைவிட அரை மீட்டருக்கு மேல் உயரத்தில் அது செல்லும். எதிரே காரில் இருப்பவரின் கண் இருக்கும் உயரமும் ஏறத்தாழ அதுவே. இதனால்தான் ஐரோப்பிய விதிகள், 2,000 லூமனைத் தாண்டும் விளக்குகளுக்குத் தானாகச் சாய்வைத் திருத்தும் அமைப்பையும் விளக்கைக் கழுவும் அமைப்பையும் கட்டாயமாக்கின. கடையில் பொருத்தித் தரும் செனானுடன் இவை பெரும்பாலும் வருவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடிகள் கண் கூசினால் 50 மீட்டரைக் குருடராகக் கடந்திருப்போம். வயது கூடக்கூடக் கூச்சத்திலிருந்து கண் மீள அதிக நேரம் எடுக்கும். கண்புரை தொடங்கியவர்களுக்கு இது இன்னும் கடினம். அந்த 50 மீட்டரில் சாலையோரம் நடந்து செல்பவருக்கோ, பின்விளக்கில்லாத மிதிவண்டியில் செல்பவருக்கோ தற்காத்துக்கொள்ள எதுவும் இல்லை.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஓர் அடிப்படைப் பாடம் தெரிகிறது. ஒருவர் செய்யும் காரியத்தின் பலன் அவருக்கும், செலவு பிறருக்கும் சென்றால் அதைப் புறவிளைவு என்கிறோம். 1920-இல் வெளிவந்த தம் நூலில் பொருளியல் அறிஞர் பிகு இதை விரிவாக விளக்கினார். ஆலைப் புகை அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு; கண்கூசும் விளக்கும் அவ்வகையே. விளக்கின் விலையைக் கொடுத்தவர் வெளிச்சம் பெறுகிறார். அதனால் பார்வை இழந்தவர் யாரென்பதுகூட அவருக்குத் தெரியாது. பார்வை இழந்தவரோ, தாமும் அப்படியொரு விளக்கை வாங்குவதே தீர்வென்று கருதுகிறார். ஒவ்வொருவரும் தமக்கு நன்மையானதைச் செய்ய, முடிவில் எல்லோருக்கும் சாலை மங்குகிறது. சந்தை இதைத் தானாகச் சரிசெய்யாது.

சட்டம் இல்லாமல் இல்லை. எதிரே உள்ளவரின் கண் கூசாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் விதிக்கிறது. ஆனால், சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவின் ஆயுள் 15 ஆண்டுகள்; அதுவரை தகுதிச் சான்று கேட்பாரில்லை. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். விளக்கின் சாய்வை அங்கே அளக்கிறார்கள். ஹாலஜன் கூட்டில் செனான் குமிழைப் பொருத்திய கார் அதில் தேறாது. மிகப் பழைய கார்களுக்கு மட்டுமே விலக்கு.

நள்ளிரவில் சாலையில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பிடிப்பது காவல் துறைக்கு இயலாத காரியம். விற்பனை நடைபெறும் கடைகளின் எண்ணிக்கையோ குறைவு. அங்கே கண்காணிப்பது எளிது, செலவும் குறைவு. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது விளக்கின் சாய்வைச் சோதித்த சான்று ஒன்றைக் கேட்கலாம்; அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

பழைய கார் வைத்திருப்போர் முதலில் செய்ய வேண்டியதற்கு அதிகப் பணம் தேவையில்லை. மங்கிய கூட்டை மெருகேற்றலாம் அல்லது மாற்றலாம். ரிலேயுடன் புதிய வயர் போட்டால் பல்புக்கு முழு மின்னழுத்தம் கிடைக்கும். தரமான ஹாலஜன் பல்பைப் பொருத்தி, வழக்கமான சுமையுடன் சாய்வைச் சரிபார்க்க வேண்டும். என் காருக்கு இவை போதுமாக இருக்கின்றன.

முன்பு முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டாத வண்டியைப் போலீஸார் நிறுத்திக் கேட்பார்கள். செம்மையற்ற ஏற்பாடுதான் அது. எனினும், எதிரே வருபவரின் கண்ணுக்கும் வண்டி ஓட்டுபவர் பொறுப்பு என்ற எண்ணம் அதில் இருந்தது. தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்தபின் அந்த எண்ணத்தை மட்டும் நாம் கைவிடலாகாது.