யானை வழியில் கட்டிய அறை

ஊட்டியிலிருந்து கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் சீகூர் பீடபூமி. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் எல்லாம் இங்கேதான். தெற்கே சுவர்போல நிற்கும் நீலகிரிச் சரிவு. வடக்கே மாயாறு வெட்டிய ஆழமான பள்ளம். செல்போன் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்தால், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய சமநிலம் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் யானைகளுக்கு இது முக்கியமான வழி.

இப்படிப்பட்ட வழியைக் கண்டறிய ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறை உதவுகிறது. டிரேஸிங் பேப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது மாதிரிதான். ஒரு தாளில் நிலத்தின் சரிவு, ஒன்றில் நீர்நிலைகள், ஒன்றில் காடு, இன்னொன்றில் சாலை, கட்டடம், மின்வேலி. அவ்வளவு பெரிய உடம்போடு செங்குத்தில் ஏறுவது யானைக்குச் சிரமம். எனவே சரிவான இடங்களை முதலில் கழித்துவிடலாம். தடமும் சாணமும் கிடந்த இடங்களை ஜி.பி.எஸ். புள்ளிகளாகச் சேர்த்தால் மிச்சமிருக்கும் பாதை துலங்கும்.

சிக்கலும் அங்கேதான். சமநிலம், தண்ணீர், பின்னால் மலை... ரிசார்ட் கட்டுபவர் தேடுவதும் இதே இடத்தைத்தான்!

2010-ல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. வழக்குகள் வந்தன. எந்த வரைபடம் சரி என்பதே பெரிய வாதமானது. உயர் நீதிமன்றம் 2011-லும் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் அறிவிப்பை உறுதி செய்தன. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைந்தது. அடுத்த மூன்றே மாதத்தில், மசினகுடியில் தனியார் விடுதிப் பக்கம் வந்த யானைமீது எரியும் டயரை வீசிய வீடியோ நாட்டையே உலுக்கியது. அந்த யானை இறந்துவிட்டது.

வழித்தடத்தை ஒட்டி இருளர், குறும்பர் குடியிருப்புகளும் சிறு விவசாயிகளின் நிலங்களும் உண்டு. ஜீப் ஓட்டியும் விடுதியில் வேலை பார்த்தும் பிழைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். சாட்டிலைட் படத்தில் ஒரு கூரை தெரியும். அது மூன்று தலைமுறையாக இருக்கும் வீடா, வார இறுதிக்கு வாடகைக்கு விடும் அறையா என்று படம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள யாராவது அந்த வாசல் வரை நடந்துபோய்க் கேட்கத்தான் வேண்டும்.