அச்சத்தை மறக்க மருந்து உண்டா?

யுத்தகளத்திலிருந்து வீடு திரும்பிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், பட்டாசுச் சத்தம் கேட்டால் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிற, சாலையோரத்துக் குப்பை மூட்டையைக் கண்டால் அதற்குள் வெடிகுண்டு இருக்குமோ என்று வண்டியைத் திருப்புகிற முன்னாள் படைவீரர்கள் அமெரிக்காவில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் கோழைகள் அல்லர். களத்தில் தங்கள் உயிரைக் காத்த அதே எச்சரிக்கை உணர்ச்சி, காக்க வேண்டிய அவசியம் தீர்ந்த பின்னும் அடங்க மறுப்பதுதான் அவர்களுடைய வியாதி. வியட்நாம் யுத்தத்திலிருந்து மீண்டவர்களின் வேதனை வெளிப்பட்ட பின்னர், 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் தனியொரு நோயாகச் சேர்த்தது.

இந்த அச்சத்தைத் தணிக்கும் ஔஷதத்தைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டிய உண்மை ஒன்றை, ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தம் நாய்களிடம் கண்டறிந்தார். உணவின்றி வெறும் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு வாயில் நீர் ஊறுவது நின்றுபோகும்; ஆனால் சில காலம் சென்று அதே ஓசையை எழுப்பினால் மறுபடியும் ஊறும். பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதியதொரு பாடம் படிகிறது, அவ்வளவே. அஞ்சியதைப் பாதுகாப்பான இடத்தில், வைத்தியரின் துணையோடு மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை இந்தத் தத்துவத்தையே ஆதாரமாகக் கொண்டது. அச்சம் தணிவது மறதியன்று, கல்வி என்று ஆனபின், அந்தக் கல்வியைத் துரிதப்படுத்த மருந்து உண்டா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. காசநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த டி-சைக்ளோசெரின் என்னும் பழைய மருந்து, கற்றலுக்கு இன்றியமையாத மூளை ஏற்பி ஒன்றைத் தூண்டவல்லது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அது எலிகளின் அச்சத்தை விரைவில் தணித்தது. 2004இல் உயரத்தைக் கண்டு நடுங்குவோருக்கும் பயன்பட்டது. இத்தனை நம்பிக்கையூட்டிய மருந்து, 2012இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில் ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களிலிருந்து திரும்பியவர்களுக்கு நன்மை செய்யவில்லை. வெற்று மாத்திரை உண்டவர்களே அதிகமாகக் குணமடைந்தார்கள். கற்றலை வலுப்படுத்தும் மருந்து, அமர்வின் முடிவில் அச்சம் தணியாதிருந்தால் அச்சத்தையே வலுப்படுத்திவிடலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் இதனை விளக்க முற்பட்டார்கள்.

2014இல் ஆராய்ச்சியாளர் பார்பரா ராத்பாம் தலைமையில் 156 முன்னாள் வீரர்களிடம் நடந்த சோதனையோ இன்னும் கவனிக்கத்தக்கது. கணினி தோற்றுவித்த யுத்தக் காட்சிகளைக் காண்பதற்கு முன் சிலருக்கு டி-சைக்ளோசெரினும், சிலருக்கு அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரையும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அல்பிரசோலம் உண்டவர்களின் நிலை வெற்று மாத்திரை உண்டவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. அந்த நேரத்துக்கு அமைதி தரும் மருந்து, அஞ்சாதிருக்கக் கற்கும் வாய்ப்பைப் பறித்துவிடக் கூடும் என்பதை நோயாளியின் குடும்பத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு மருந்தான, இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்படும் பிரசோசின், சியாட்டிலைச் சேர்ந்த டாக்டர் முர்ரே ராஸ்கிண்டின் சிறு ஆய்வுகளில் வீரர்களின் கொடுங்கனவுகளைக் குறைத்தது. ஆயினும் 304 பேரைக் கொண்டு அவரே நடத்திய பெரிய பரிசோதனையில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. தம் நம்பிக்கைக்கு விரோதமான அந்த முடிவை அவர் 2018இல் ஒளிக்காமல் வெளியிட்டது போற்றத்தக்க செயல்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்த அச்ச நோய்க்கென்று அனுமதித்திருப்பவை செர்ட்ரலின், பராக்சிடின் என்னும் இரண்டே மருந்துகள். இரண்டும் முதலில் மனச்சோர்வுக்காகப் பயன்பாட்டுக்கு வந்தவை.