நியூட் வாழும் நீர்

ஜப்பான் நாட்டில் இமோரி என்றொரு சிறு பிராணி உண்டு. ஹொன்ஷு, ஷிகோக்கு, கியூஷு ஆகிய தீவுகளின் நெல்வயல்களிலும் குளங்களிலும் அது வாழ்கின்றது. வடிவிற் பல்லியை ஒத்திருப்பினும் அது தவளையின் சுற்றமேயாம். இவ்வினத்தை ஆங்கிலத்தில் நியூட் என்பர். முதுகு கருத்தும் வயிறு சிவந்தும் தோன்றும். கிணறு காப்பது என்று பொருள்படும் எழுத்துக்களால் ஜப்பானியர் இதன் பெயரை எழுதுவர். இதனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். ஆனால் தொட்டியில் அடைபட்ட பிராணி தன் நீரைத் தானே காத்துக்கொள்ள வழியில்லை. அக்கடமை வளர்ப்போரைச் சார்ந்தது. அதனை நிறைவேற்றுமாறு யாதென ஈண்டு ஆராய்வோம்.

நியூட்டின் தோல் செதிலற்றது, மெல்லியது. நீரும் உப்புக்களும் அதனூடே செல்லும். சுவாசத்தின் ஒரு பகுதியும் தோலின்வழியே நடைபெறும். ஆதலின் நீரிலுண்டாகும் மாறுதல் அதன் உடலை விரைவில் தாக்குகின்றது.

நீரின் அமிலத்தையும் காரத்தையும் குறிக்கும் பி.எச். என்னும் அளவையை 1909-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஸோரன்ஸன் என்னும் அறிஞர் வகுத்தார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். எண் ஒன்று குறையின் அமிலத்தன்மை பதின்மடங்காகும். நியூட்டுக்கு 6.5 முதல் 7.5 வரை ஏற்றதென்பர்.

தொட்டிநீர் நாளடைவில் அமிலமாவது ஏன்? பிராணியின் கழிவினின்றும் அம்மோனியா தோன்றுகின்றது. நன்மைபுரியும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மாற்றத்தில் அமிலம் பிறக்கின்றது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பு அவ்வமிலத்தை ஏற்றுத் தணிக்கும். அவ்வுப்பு உள்ளவரை பி.எச். அசையாது நிற்கும், அது தீர்ந்தவுடன் திடீரென வீழும். ஆகவே நாம் காக்கவேண்டுவது எண்ணையன்று, அவ்வெண்ணைத் தாங்கி நிற்கும் உப்பையே என்பது தெளிவு.

பி.எச். வீழ்ந்தது கண்டு அஞ்சி, ஆப்பசோடாவை அள்ளியிட்டு ஒரே நாளில் உயர்த்த முற்படுவோர் உளர். இதனினும் பெருந்தீங்கு வேறில்லை. அமிலநீரில் நுண்ணுயிர்களின் தொழில் தளர்தலால் அம்மோனியா சேர்ந்துகிடக்கும். எனினும் அது பெரும்பாலும் அம்மோனியம் என்னும் தீங்கு குறைந்த உருவில் இருக்கும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆயின் அதில் நச்சுருவானது நூற்றுக்கு அரைப்பங்கினும் குறைவு. 8 ஆயின் ஏறக்குறைய நான்கு பங்கு. எண்ணைச் சடுதியில் உயர்த்துவோர், உறங்கிய நஞ்சைத் தாமே எழுப்பியவராவர்.

செய்யத்தக்கன இவை. வாரந்தோறும் தொட்டிநீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுக. புதுநீரைக் குளோரின் நீக்கி, தொட்டியின் வெப்பத்திற்கு ஒப்ப வைத்துச் சேர்க்க. குழாய்நீரை ஒருநாள் திறந்துவைத்த பின்னரே அதன் பி.எச். பார்க்க; கரைந்த கரியமிலவாயு வெளியேறிய பின்னரே அதன் உண்மை நிலை விளங்கும். கார்பனேட் குறைந்த நீராயின், நொறுக்கிய சிப்பியோட்டைச் சிறு பையிலிட்டு நீர் ஓடும் இடத்தில் வைக்க. அமிலம் மிகுந்தால் அது மிகுதியாகவும், குறைந்தால் குறைவாகவும் கரையும். நீர்ச்செடிகள் பகலிற் கரியமிலவாயுவை உட்கொள்ளுதலால் மாலையில் பி.எச். சற்றே உயர்ந்திருக்கும், ஆதலின் ஒரே வேளையில் அளந்து குறித்துவருக. நெடுநாள் கவனியாதுவிட்ட தொட்டியாயின், முதலில் அம்மோனியாவைச் சோதித்து, நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு நீரே மாற்றிப் பையப்பையத் திருத்துக.

6.8-இல் நிலைத்து நிற்கும் நீர், 7-க்கும் 8-க்கும் இடையே நாளும் ஊசலாடும் நீரினும் நன்று. தனக்கு நேர்ந்த துன்பத்தை உரைக்க நியூட்டுக்கு வாயில்லை. வாரந்தவறாது அளந்தறியும் வளர்ப்போனின் கண்ணே அதற்குக் காவலாம்.