கத்தரிக்காயும் குடியானவன் உரிமையும்

வீரகேரளம்புதூர்த் தாலூகாவில் கத்தரி பயிரிடும் குடியானவனிடம் பேச்சுக் கொடுத்தால், அவன் முதலில் புழுவைப் பற்றித்தான் சொல்வான். நேற்று நிமிர்ந்து நின்ற குருத்து இன்று வாடித் தொங்கும். பிறகு அதே புழு காயைத் துளைக்கும். சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளில் சொத்தைக் காயை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. ஆகவே கடன் வாங்கியாவது மருந்தடிக்கிறான். இக்கஷ்டத்தை அலட்சியமாகப் பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

இந்தக் கஷ்டத்தைக் காட்டித்தான் பி.டி. கத்தரி வந்தது. மஹிகோ கம்பெனி, மண்ணிலுள்ள ஒரு பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரியில் புகுத்தியது. அக்கம்பெனியில் அமெரிக்காவின் மான்சாண்டோவுக்குப் பங்கு இருந்தது. புகுத்துவதற்கு எடுத்துக்கொண்ட வகைகளில் நம் கே.கே.எம். 1 என்பதும் ஒன்று. வீரகேரளம்புதூர் வழியாக ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அதற்குக் கீழே கிள்ளிகுளத்திலுள்ள வேளாண்மைக் கல்லூரி, குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து தெரிந்தெடுத்த வகை அது. பால் வெண்மையாய், முட்டை வடிவாய், கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது. அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பழுக்கவிட்டு, விதையை அலசி உலர்த்திக் காப்பாற்றி வந்தவர்கள் யார்? பெயர் தெரியாத நம் குடியானவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமேயன்றோ!

2009 அக்டோபரில் நிபுணர் குழு அனுமதி அளித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஸ்ரீ ஜெயராம் ரமேஷ் 2010 ஆரம்பத்தில் ஏழு நகரங்களில் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார். கல்கத்தா, புவனேசுவரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் என்பன அவை. தமிழ்நாட்டில் ஓர் ஊரும் இல்லை! நம் கத்தரிகள் நான்கு அதில் சம்பந்தப்பட்டிருந்தும் நம்மைக் கேட்பாரில்லை. பிப்ரவரி 9ஆம் தேதி, சுதந்திரமான ஆராய்ச்சிகள் திருப்தியளிக்கும் வரை என்று மந்திரி தடை விதித்தார். அது நல்ல முடிவே. மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவை; அவற்றின் இனத்தைச் சேர்ந்த கத்தரியோ நம் தேசத்துச் செடி. அதன் காட்டு உறவுகள் இன்னும் நம் புதர்களில் வளர்கின்றன.

2011இல் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையம், நாட்டு வகைகளை முன் அனுமதியின்றி உபயோகித்ததாகக் கூறி நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது. வங்காள தேசமோ 2013இல் அனுமதித்து, மறு வருஷமே குடியானவர்களுக்கு நாற்றுக் கொடுத்தது.

தடை போட்டதோடு புழு ஒழிந்துவிடவில்லை. வாடிய குருத்தைக் கிள்ளி எரித்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், பழைய கத்தரித் தோட்டத்தருகே புது நடவைத் தவிர்த்தல் ஆகியவை தெரிந்த வழிகளே. ஆனால் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஊர் முழுவதும் செய்தாக வேண்டும். அதற்குச் சர்க்கார் ஆள் வயலுக்கு வரவேண்டும்.

மறுபடியும் இவ்விஷயம் விசாரணைக்கு வருமானால், ஒரு கூட்டத்தையாவது சுரண்டைச் சந்தையில் நடத்த வேண்டுமென்று நம் பிரதிநிதிகள் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.