மைலேஜ் எங்கே போனது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றிக்கொண்டு கொல்கத்தா நெடுஞ்சாலைக்கு வரும் லாரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் அது மைலேஜில் வந்து நிற்கும். "நாலு கொடுத்த வண்டி, இப்ப மூணரையைத் தாண்ட மாட்டேங்குது." அடுத்த பேச்சு, "பம்பைக் கழற்றிப் பார்த்துடணும்." இந்த அவசரம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. காமன் ரயில் எஞ்சினில் பம்பும் நாசிலும் 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்பவை. தூசு பட்டாலே கெட்டுவிடும். கடைசியாகத் தொட வேண்டியதை முதலில் தொடுகிறோம்.

முதலில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, அதே பங்கில் மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். 412 கிலோமீட்டருக்கு 118 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 3.49. மூன்று நடையாவது இப்படிப் பார்த்து, லோடையும் வழியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நெல்லூர் போகும் வழி கடலோரச் சமவெளி. பெங்களூர் போகும் வழியில் உள்ள ஓசூரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 40 டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 25 லிட்டர் டீசல் செலவாகும். நெல்லூர் நடையையும் பெங்களூர் நடையையும் ஒப்பிட்டு எஞ்சினைக் குறை சொல்வது அநியாயம்.

கணக்கு உண்மையிலேயே இறங்கியிருந்தால், சக்கரத்துக்கு வாருங்கள். அதிகம் பிரேக் போடாமல் ஓடி வந்து நிறுத்தியதும், ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லையேல் பேரிங் இறுகியிருக்கிறது. காற்று குறைந்த டயரும் இதே போல இழுக்கும். வேகமும் டீசலைத் தின்னும்: 60-இல் போகிறவர் 80-க்குப் போனால் எதிர்க்காற்றின் தடை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது.

அடுத்து, எஞ்சின் இழுக்கும் காற்று. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். உருக்காலைகளும் ரோலிங் மில்களும் உள்ள ஊரில் அந்தக் காற்றோடு எவ்வளவு தூசு வரும் என்று நினைத்துப் பாருங்கள். ஃபில்டர் அடைத்தாலும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் விரிந்து காற்று கசிந்தாலும் டீசல் அரைகுறையாகவே எரியும். ஏற்றத்தில் விசில் சத்தம் கேட்டால், ஹோஸ் இணைப்பில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டியில் புகையே பாதி விடை சொல்லிவிடும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இந்தத் தடயம் மறைந்துவிட்டது. கரியைச் சைலன்சர் பக்கத்து வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. அது நிறைந்ததும், கூடுதல் டீசலைச் செலவழித்து அந்தக் கரியை வண்டியே எரிக்கிறது. ஆலை வாசலில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் புகைக்குழாய் போதிய சூடு ஏறாது. வடிகட்டி சீக்கிரம் நிறையும். வடிகட்டி நிறைந்ததைக் காட்டும் டேஷ்போர்டு விளக்கு முன்பைவிட அடிக்கடி எரிகிறதா என்று ஓட்டுநரைக் கேளுங்கள். பம்பைக் கழற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.