கொரங்காட்டுக் குதிரைக்குக் கொள்ளு எதற்கு?

திருப்பூரிலிருந்து காங்கயம், தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். பனியன் கம்பெனிக் கட்டடங்கள் குறையக் குறைய, கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள் தென்படும். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். இதற்குக் கொரங்காடு என்று பெயர். காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்த நிலம் இதுதான். மழை குறைந்த மண்தான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை கிடைத்தால் போதும், புல் தளதளவென்று கிளம்பிவிடும்.

இந்தப் புல்லில் மாட்டுக்குப் பதிலாக ஒரு குதிரை மேய்ந்தால்? ரேக்ளா பந்தயத்துக்காகவும் ஆசைக்காகவும் குதிரை வளர்ப்பவர்கள் கொங்கு நாட்டில் உண்டு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகளெல்லாம் வருகின்றன. அப்படி ஒரு குதிரை நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடை 350 கிலோ. வண்டி இழுக்கும் வேலை இல்லை, ஓட்டப் பந்தயமும் இல்லை. நாள் முழுக்க மேய்ச்சல்தான். அதற்கு என்ன தீனி வைக்கலாம்?

“கொள்ளு!” என்று எல்லாரும் சேர்ந்து சொல்வீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்த அளவுக் குதிரை சும்மா நின்றால் ஒரு நாளைக்குச் சுமார் 12,000 கிலோகலோரி ஆற்றல் போதும். குதிரை தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு தின்னும். ஈரத்தைக் கழித்து, காய்ந்த எடையில் சொல்கிறேன். அதாவது 7 கிலோ. நல்ல புல்லாக இருந்தால் அந்த 7 கிலோவிலேயே முழுத் தேவையும் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒரு கிலோ கொள்ளு வைத்தால் இன்னும் 3,000 கிலோகலோரிக்கு மேல் சேர்கிறது. கால் நாள் சாப்பாடு கூடுதல்! தினமும் இப்படிப் போனால் அது எங்கே போகும்? கழுத்தின் மேல்விளிம்பிலும் விலாவிலும் கொழுப்பாகத் தங்கும்.

குண்டான குதிரை பார்க்க அழகாக இருக்கலாம். அதன் குளம்புக்குள் நடப்பதுதான் கவலை. குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் மெல்லிய திசு மடிப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்து, ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்ந்தே இருந்தால் அந்த மடிப்புகள் தளர்ந்துவிடும். குதிரையின் முழு எடையும் அந்தப் பிடியில்தான் தொங்குகிறது. பிடி விட்டால் எலும்பு கீழே இறங்கும், நடக்கவே முடியாத வலி வரும். மட்டக்குதிரைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சரி, கொள்ளு வேண்டாம். வெறும் கொழுக்கட்டைப் புல் மட்டும் போதுமா? போதாது. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கு அரிக்கும் அல்லவா? கால்சியமும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உண்டாகும் ஊசிப் படிகங்கள்தான் அதற்குக் காரணம். கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு, அதுவும் இளம் தளிரில் நிறைய. நாக்கில் அரிப்பு வராது. ஆனால் வயிற்றுக்குள் போனதும் அது கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட கால்சியத்தை உடலால் உறிஞ்ச முடியாது.

அப்படியானால் காங்கயம் மாடுகள் எப்படி அத்தனை வலுவாக இருக்கின்றன? மாட்டின் முதல் இரைப்பையில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அந்தப் புல்லுக்குப் பழகிய மாட்டில் இவை ஆக்சலேட்டை முதலிலேயே உடைத்துவிடும். விடுபட்ட கால்சியம் பிறகு குடலுக்குப் போய் உடம்பில் சேரும். குதிரையின் இரைப்பையோ சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான். அதற்கும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் அவை இருப்பது சிறுகுடலையும் தாண்டி, பின்னால் உள்ள பெருங்குடல் பகுதியில். கால்சியம் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதோ சிறுகுடலில்! பேக்கிங் எல்லாம் முடிந்து பெட்டி லாரி ஏறிய பிறகு பனியனைச் செக்கிங் செய்வது போன்ற வேலை இது. ஆக்சலேட் உடையத்தான் செய்கிறது, ஆனால் நேரம் கடந்துவிட்டது.

உணவில் கால்சியம் கிடைக்காத குதிரை தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் முக எலும்பு மெலிந்து, அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து, மூக்கின் இருபுறமும் வீங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்த நோயை 1970களிலேயே ஆராய்ந்தார்கள். அங்கே இந்தப் பாதிப்பைத் தருவதாக அறியப்பட்ட மேய்ச்சல் புல்களில் நம் கொழுக்கட்டைப் புல்லும் ஒன்று!

ஆகவே கொரங்காட்டுக் குதிரைக்கு வைக்கும் தீனியில் கலோரி குறைவாகவும் கால்சியம் நிறைவாகவும் இருக்க வேண்டும். “தவிடு லேசான தீனிதானே?” என்று சிலர் கேட்பார்கள். தவிடு கூடவே கூடாது. அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். பாஸ்பரஸ் மிஞ்சினாலும் எலும்பு கரையும். மேல்நாட்டில் மாவு மில்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிடாகவே போட்டுப் போட்டு இதே முக வீக்கத்தை வரவழைத்திருக்கிறார்கள்.

நம் விவசாயிகள் தீவனமாகப் பயிரிடும் குதிரைமசால் இதற்குப் பொருத்தமானது. நம் குதிரைக்கு ஒரு நாளைக்கு 14 கிராம் கால்சியம் வேண்டும். அரைக் கிலோ காய்ந்த குதிரைமசாலில் ஏறக்குறைய 7 கிராம் இருக்கிறது, கலோரி சுமார் 1,000தான். ஒரு கிலோ கொள்ளு அதைப்போல மூன்று மடங்கு கலோரியைக் கொடுத்துவிட்டு, 3 கிராம் கால்சியம்தான் தருகிறது. இப்போது எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? மேய்ச்சல் முழுவதும் கொழுக்கட்டைப் புல்லே என்றால் குதிரைமசாலோடு தாது உப்பும் சேர வேண்டும். எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

தாது உப்பைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? குதிரையின் மேலுதடு விரலைப் போல நுட்பமாக வேலை செய்யும். பிடிக்காத தூளைத் தள்ளிவிட்டு இலையை மட்டும் பொறுக்கித் தின்னும். மறுநாள் வாளியின் அடியில் உப்பு அப்படியே கிடக்கும். அடம்பிடிக்கும் குதிரையைத் திட்டிப் பயனில்லை. புதிய மணத்தைச் சந்தேகிப்பது புல் தின்னும் விலங்குக்குப் பாதுகாப்பு. அதுவும் குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது. ஒருமுறை விழுங்கினால் விழுங்கியதுதான்.

இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் குதிரைத் தீனியில் 15 வகை மணங்களைக் கலந்து பார்த்து, 2005ல் முடிவை வெளியிட்டார்கள். குதிரைகளுக்கு அதிகம் பிடித்தது எது தெரியுமா? வெந்தயம்! அடுத்தது வாழைப்பழம். முதல் எட்டில் சீரகமும் இருந்தது. தாது உப்பு உருண்டைகளில் வெந்தய மணமோ வாழைப்பழ மணமோ சேர்த்தபோது குதிரைகள் அவற்றை விரைவாகத் தின்றன. எனவே குதிரைமசாலைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, தாது உப்பைப் பிசிறி, ஒரு சிட்டிகை வெந்தயப் பொடி தூவினால் உப்பு இலையோடு ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது. முதல் நாள் ஒரு பிடியில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்கு வரலாம். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழகவும் அந்த அவகாசம் வேண்டும்.

பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் ஊரில் கறிக்கோழிப் பண்ணைகள் அதிகம். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. கோழிக்கு நன்மை செய்யும் அதே மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். சிந்திய கோழித் தீவனத்தைக்கூடக் குதிரையின் அருகே வைக்காதீர்கள்.

பக்கத்தில் குதிரை வளர்ப்பவர் இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்பட்டால் உடம்பு சரியான அளவில் இருக்கிறது. அழுத்தியும் தட்டுப்படவில்லையா? கொள்ளையும் வெல்லத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கின் இருபுறமும் வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.